வடிகட்டியில் குடியிருப்போர்

மாணாக்கரின் தரத்தைக் கூற வந்த நன்னூலார், நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றிக்கொள்ளும் நெய்யரியைக் கடைமாணாக்கனுக்கு உவமையாக வைத்தார். நெய்யரியாவது பன்னாடை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் அவ்வுவமையைச் சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளை நாணவைத்த நமக்கு, அந்தப் பன்னாடையின்மீது சிறிது மரியாதை பிறந்தது நம் வீட்டுக் கூடத்தில் ஒரு மீன் தொட்டி வந்தமர்ந்த பிறகுதான். கசடைப் பற்றிக்கொள்வதனால் பாராட்டுப் பெறும் பொருள் ஒன்று உண்டென்றால், அது மீன் தொட்டியின் வடிகட்டியே. ஆயினும் கசடு பற்றுவது அதன் தொழில்களில் சிறியது. பெரிய தொழில் வேறொன்று உள்ளது; அதனை அறியாமையால் நம்மவர் இல்லங்களில் மீன்கள் மடிகின்றன. அன்பும் துப்புரவும் மிக்க வீடுகளிலேதான் அவை அதிகம் மடிகின்றன என்பது நாம் கண்டறிந்த வேடிக்கை. வேதனை என்றும் சொல்லலாம்.

பிழை பெயரிலேயே தொடங்குகிறது போலும். தமிழில் வடிகட்டி என்கிறோம். அரபியில் மிஸ்ஃபாத் என்பர்; தெளிவைக் குறிக்கும் 'ஸஃபா' எனும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. இரு சொற்களும் தெளிவையே முன்னிறுத்துகின்றன. ஆகவே தொட்டி நீர் கண்ணாடிபோல் தெரிந்தால் வடிகட்டி தன் கடமையைச் செய்துவிட்டது என்று நாம் நம்பிவிடுகிறோம். தெளிந்த நீரிலேயே மீன்கள் மூச்சுத் திணறி மேற்பரப்பில் வாயைப் பிளந்து நிற்கும்போது, காரணம் புரியாமல் கடைக்காரரிடம் ஓடுகிறோம்.

மீன் தன் உடற்கழிவின் பெரும்பகுதியைச் செவுள்களின் வழியே அமோனியாவாக நீரில் விடுகிறது. உண்ணாமல் விட்ட உணவும், வாடி விழுந்த இலையும் அழுகி அதே அமோனியாவைத் தருகின்றன. ஆற்றிலும் குளத்திலும் நீர் பெரிது. நஞ்சு கரைந்து மறைந்துவிடும். ஐம்பது லிட்டர் கொள்ளும் ஒரு கண்ணாடிப் பெட்டியிலோ மீன் தான் விட்ட நஞ்சையே திரும்பவும் செவுள்களில் வாங்கிக்கொண்டு வாழ வேண்டியிருக்கிறது. நீரின் காரத்தன்மை கூடுந்தோறும் இந்நஞ்சின் கொடுமையும் கூடுகிறது. பி.எச். அளவு 7லிருந்து 8க்கு ஏறினால், அமோனியாவின் நச்சு வடிவம் ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரை நம்பி வாழும் ஊர்க்காரர்கள் இதனை மனத்தில் கொள்ளுதல் வேண்டும்.

மத்ரஸாவில் நீரின் பாடத்தை நடத்தும்போது நிறம், மணம், சுவை என்னும் மூன்றையும் கொண்டு நீரின் மாற்றத்தை அறியக் கற்பிக்கிறோம். மனிதன் தன் தேவைக்கு நீரை அறிந்துகொள்ள அம்மூன்றும் போதுமானவை. மீனைக் கொல்லப் போதுமான அமோனியாவோ நிறமும் காட்டாது. நம் மூக்குக்கும் எட்டாது. மீனின் உலகில் நாம் குருடர். ஆதலால், கடைகளில் கிடைக்கும் சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது அலங்காரக் கற்களையும் பிளாஸ்டிக் கோட்டைகளையும் வாங்குவதைவிட மேலானது. பெரும்பாலான பெட்டிகளில் குழாயிலுள்ள நீர் மஞ்சளாகவே இருந்தால் அமோனியா இல்லை. பச்சையாக மாறினால் உண்டு. அந்தப் பச்சையைப் பார்த்த பிறகே பலருக்குக் கண் திறக்கிறது.

இந்த நஞ்சைத் தீர்ப்பவர் யார்? கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களே. அமோனியாவை ஒருவகை உயிர்கள் நைட்ரைட்டாக்குகின்றன. அதுவும் நஞ்சே, மீனின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை அது கெடுத்துவிடும். இன்னொரு வகை உயிர்கள் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகின்றன. நைட்ரேட் அவ்வளவு தீங்கற்றது. வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றினால் அளவில் நிற்கும். மண்ணில் நடக்கும் இத்தொழிலின் இரகசியத்தை 1890ஆம் ஆண்டளவில் ரஷ்ய அறிஞர் செர்கெய் வினோகிராட்ஸ்கி வெளிப்படுத்தினார். இரண்டாம் படியைச் செய்வது நைட்ரோபாக்டர் என்று மீன் வளர்ப்பு நூல்களெல்லாம் நெடுங்காலம் எழுதிவந்தன. 1998இல் வெளிவந்த ஆய்வு, தொட்டிகளில் அவ்வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா எனும் வேறோர் இனம் என்று காட்டியது. 2011இல், நன்னீர்த் தொட்டிகளின் வடிகட்டிகளில் முதற்படியைப் பெரிதும் செய்வது பாக்டீரியாவே அன்று, ஆர்க்கியா எனும் தனிக்குலத்து உயிர்கள் என்று மற்றோர் ஆய்வு கூறியது. 2015இல் இரு படிகளையும் ஒருவரே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகளை இரு குழுவினர் கண்டனர். அவற்றுள் ஒரு குழு அதனைக் கண்டெடுத்தது மீன் வளர்ப்பு நீரைச் சுத்திகரிக்கும் வடிகட்டியிலிருந்துதான். குடியிருப்போரின் பெயர்ப்பட்டியல் நூறாண்டுக்கு மேலாகியும் இன்னும் முற்றுப்பெறவில்லை. பெயர் எதுவாயினும் அவர்கள் குடியிருக்கும் வீடு எது என்பதில் ஐயமில்லை. வடிகட்டிக்குள் நாம் அடைத்து வைக்கும் பஞ்சும் வளையமும் கல்லுமே அவர்களது வீடு.

இது புதுமையான செய்தியும் அன்று. 1829இல் இலண்டனின் செல்ஸி நீர்நிலையத்தில் ஜேம்ஸ் சிம்ப்சன் என்பார் மணற்படுகை வடிகட்டியை அமைத்தார். 1914இல் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அமைந்ததும் அவ்வகை மெதுமணல் வடிகட்டியே. அப்படுகைகளில் நீரைத் திருத்தும் வேலையில் பெரும்பங்கு மணலின்மேல் படியும் வழுவழுப்பான உயிர்ப்படலத்துக்கு உரியது. அந்தப் படலத்தை அழுக்கென்று எண்ணி நாள்தோறும் சுரண்டியிருந்தால் நகரத்தார் குடிநீருக்கு என்ன செய்திருப்பர்?

இனி வடிபொருளைத் தேர்வது எவ்வாறு என்பதைப் பார்ப்போம். வீடு தேடுவோர் பார்ப்பதையே இங்கும் பார்க்க வேண்டும். இடம் மிகுதியாக இருத்தல் வேண்டும். நீரோட்டம் அதன் ஊடே தடையின்றிச் செல்ல வேண்டும். அந்நீரில் உயிர்வளி கலந்திருக்க வேண்டும். இவ்வுயிர்கள் ஒளியை விரும்புவதில்லை என்பதால் இருட்டும் நன்று. இத்தனையும் ஒருங்கே அமைந்த எளிய பொருள் கடற்பஞ்சு போன்ற செயற்கைப் பஞ்சுக் கட்டியாகும். சிறு காற்றுப் பம்பினால் இயங்கும் பஞ்சு வடிகட்டி மலிவானது, ஓசை குறைந்தது, குஞ்சுகளை உறிஞ்சிக் கொல்லாதது. அதனைக் கடைக்காரர்கள் பலர் முன்னிறுத்துவதில்லை. விலை குறைவு என்பது தவிர வேறு காரணம் நமக்குத் தோன்றவில்லை.

பெட்டி வடிகட்டியும், வெளியே வைக்கும் உருளை வடிகட்டியும் உடையோர் பல பொருள்களை அடுக்கலாம். நீர் முதலில் தொடும் இடத்தில் பெருந்துளைப் பஞ்சு; அடுத்து நுண்ணிய வெள்ளைப் பஞ்சு; அவற்றால் கசடு நீங்கிய நீர் செல்லும் இடத்தில் செராமிக் வளையங்கள். இவ்வரிசையைத் தலைகீழாக்கினால் வளையங்களின் நுண்துளைகள் சேற்றால் அடைபட்டு, வாங்கிய விலை வீணாகும். வளையங்களுக்கு மாற்றாக எரிமலைக் கல்லை இடலாம். பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நாரையும், சவர்க்காரம் கலவாததாகப் பார்த்து வாங்கி, இடலாம். நாமே இட்டுப் பார்த்திருக்கிறோம், குறையொன்றும் காணவில்லை. உலோக நாரை மட்டும் இடலாகாது. ஒரு கையளவு பொருளில் ஒரு மைதானத்தின் பரப்பு அடங்கியிருப்பதாக உறைகளின்மேல் அச்சிடுகிறார்கள். நீர் புகாத நுண்துளையில் உயிரும் குடிபுகாது. ஆகவே அந்த எண்களை நாம் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. மீன்களைக் குறைவாக வைத்து உணவையும் அளவோடு இடுகிறவருக்கு ஒரு நல்ல பஞ்சுக் கட்டி போதும்.

கரியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மணல், கரி, கூழாங்கல் ஆகியன இட்ட மூன்று பானை வடிகட்டியைப் பள்ளியில் படித்தவர்கள், கரியில்லாமல் வடிகட்டியே இல்லை என்று கருதுவர். கடைகளில் 'கார்பன்' என்று தரும் கரி, நீரின் மஞ்சள் நிறத்தையும் வாடையையும் சில வேதிப்பொருள்களையும் தன் மேற்பரப்பில் பற்றிக்கொள்ளும். அமோனியாவை அது பற்றாது. சில வாரங்களில் அதன் பற்றும் ஆற்றல் தீர்ந்துவிடும். அதன்பின் அதுவும் ஒரு கல்லே. மீனுக்கு மருந்திடும்போது கரியை வெளியே எடுத்துவிடுதல் கட்டாயம். இல்லையேல் மருந்தை மீனுக்கு முன் கரி குடித்துவிடும். மருந்து முடிந்தபின் எஞ்சியதை நீக்க அதே கரியை உள்ளே இடலாம். நாள்தோறும் கரி வேண்டுமா என்று நம்மைக் கேட்டால், வேண்டாம் என்றே சொல்வோம். ஸியோலைட் எனும் கல்வகை அமோனியாவைப் பற்றவல்லது; நெருக்கடிக்கு உதவும். உப்பு நீரில் ஊறவைத்தால் பற்றியதை விட்டுவிட்டு மீண்டும் பயன்படும். அதே காரணத்தால் உப்பிட்ட தொட்டியில் அது பயனற்றது. பவளத் துண்டும் சிப்பி ஓடும் நீரின் கடினத்தை உயர்த்துவன. கடினநீர் ஊர்களில் அவற்றை அழகுக்காக வடிகட்டியில் இடுவது, உப்பிட்ட குழம்பில் மீண்டும் உப்பிடுவது போன்றது.

நம் தெருவில் நடந்ததொன்றைச் சொல்கிறோம். கடல் கடந்து பொருளீட்டும் ஒருவர், விடுமுறையில் வந்தபோது தம் ஒன்பது வயது மகனுக்கு இரண்டு பொன்மீன்களும் ஒரு தொட்டியும் வாங்கித் தந்து சென்றிருந்தார். எட்டு மாதங்கள் அவை நன்றாக வளர்ந்தன. வெள்ளிதோறும் தொலைபேசியில் வாப்பா கேட்கும் முதற்கேள்வியே மீன்களைப் பற்றியதாம். பெருநாளுக்கு முன்வாரம் வீடெல்லாம் வெள்ளையடித்து, பாத்திரம் விளக்கி, திரைச்சீலை வெளுத்த அந்தத் தாய், மீன் தொட்டி மட்டும் பாசியோடு நிற்கலாமா என்று எண்ணி, மீன்களை வாளியில் விட்டுவிட்டு, கற்களைக் கொதிநீரில் இட்டு, கறுத்துக் கிடந்த பஞ்சைச் சலவைத்தூளும் பிளீச்சிங் பவுடரும் போட்டுத் துவைத்து, பலமுறை அலசி, இரண்டு நாள் மொட்டைமாடி வெயிலில் உலர்த்தினார். புதியதுபோல் வெளுத்த பஞ்சோடு தொட்டி மீண்டும் இயங்கியது. பெருநாளன்று, மீன்களும் வயிறார உண்ணட்டும் என்று பையன் வழக்கத்தைவிட ஒரு சிட்டிகை உணவு கூடுதலாக இட்டான். மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. ஐந்தாம் நாள் ஒன்றும், ஆறாம் நாள் மற்றொன்றும் இறந்தன.

தான் இட்ட உணவே அவற்றைக் கொன்றது என்று பையன் முடிவு செய்துவிட்டான். வீட்டிலும் யாரோ அவ்வாறே சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வாப்பாவின் அழைப்பு வந்தபோது அவன் வீட்டின் பின்புறம் போய் ஒளிந்துகொண்டானாம். வகுப்பிலும் வாய் திறக்காமல் இருந்தவனை விசாரித்துத்தான் நாம் இதனை அறிந்தோம்.

அன்று மாலை அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்தோம். உண்மையை அவனுக்குச் சொல்ல வேண்டும். அவ்வுண்மையோ கதவுத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த அவன் தாயின் தலையில் போய் விழும். மாணவனின் பாரத்தை இறக்கித் தாயின்மேல் வைப்பது எவ்வாறு என்று நாம் சற்று நேரம் பேசாமல் இருந்தது மெய்யே. பிறகு எவரையும் சுட்டாமல், பஞ்சுக்குள் குடியிருந்தவர்களைப் பற்றி மட்டும் சொன்னோம். பாலைத் தயிராக்கும் உயிர்கள் ஓரிரவில் பெருகிவிடும், இவையோ ஒருமுறை இரட்டிப்பதற்கே ஒரு நாளோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும், ஆகவே காலியான வீட்டில் மீண்டும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்றோம். குடியிருப்போர் நலமாக இருந்திருந்தால் அந்த ஒரு சிட்டிகை உணவை எளிதில் தீர்த்திருப்பார்கள் என்பதையும் சொன்னோம்.

திரைக்குப் பின்னாலிருந்து, "அப்படியானால் அது என் கையால் நடந்ததுதானே, ஆலிம்சா?" என்று குரல் வந்தது. நாம் மறுமொழி தேடிக்கொண்டிருக்கையில் பையன் எழுந்து உள்ளே போனான். "உங்களுக்குத் தெரியாதே உம்மா" என்று அவன் சொன்னது நம் காதில் விழுந்தது.

மறுநாள் நம் தொட்டியின் பஞ்சில் பாதியை வெட்டி, தொட்டி நீரோடு தூக்குவாளியில் இட்டு அனுப்பினோம். வெண்மையான அவர்கள் பஞ்சின் பக்கத்தில் அந்தக் கறுத்த துண்டு வைக்கப்பட்டது. பாலில் இடும் உறைமோரைப் போன்றது இது; புதுத்தொட்டி தொடங்குவோருக்கு இதைவிட நல்ல வழி நாம் அறியோம். கொடுப்பவர் தொட்டியில் மீன்நோய் இல்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும். உடனே ஒரு சிறு மீனை மட்டும் விட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் சோதித்து, மூன்று வாரம் கழித்தே இரண்டாவதை விடச் சொன்னோம். சோதனைக் குழாயில் மஞ்சள் நிறம் வரும்போதெல்லாம் பையன் அதனை ஏந்திக்கொண்டு நம் வீட்டுக்கு ஓடிவந்தான்.

பேணும் முறையைச் சுருங்கச் சொன்னால் போதும். நீரோட்டம் குறையும்போது பஞ்சைக் கழுவுக. அது இரண்டு வாரத்துக்கு ஒருமுறையா, நான்கு வாரத்துக்கு ஒருமுறையா என்பதை மீன்களின் தொகைதான் தீர்மானிக்கும், நாட்காட்டி அன்று. நீர் மாற்றும் நாளில் தொட்டியிலிருந்து எடுத்த நீரையே வாளியில் பிடித்து, அதனுள் பஞ்சை இரண்டு மூன்று முறை மெல்லப் பிழிந்தால் சேறு வெளியேறும், உயிர்ப்படலம் தங்கும். பழுப்பு நிறம் போகவில்லையே என்று கவலை கொள்ளற்க. குழாயடியில் பிடித்துக் கழுவலாகாது. நகராட்சி நீரில் கலந்துள்ள குளோரின், கிருமிகளைக் கொல்வதற்கென்றே இடப்பட்டது. அதற்கு நல்ல உயிர், தீய உயிர் என்னும் பேதம் தெரியாது. தொட்டிக்கு இடும் புதுநீரையும் குளோரின் நீக்கியே இட வேண்டும். சோடியம் தயோசல்ஃபேட் சொட்டுகள் கடைகளில் கிடைக்கும். செராமிக் வளையங்களைப் பல மாதங்கள் தொட வேண்டியதே இல்லை. இரண்டு பஞ்சுகள் இருந்தால் ஒன்றை இம்முறையும் மற்றொன்றை அடுத்த முறையும் கழுவலாம். பஞ்சு பொடிந்து, மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், புதியதைப் பழையதன் அருகிலேயே ஒரு மாதம் வைத்திருந்து, பிறகு பழையதை எடுக்கலாம். மாதந்தோறும் எல்லாவற்றையும் எறிந்துவிட்டுப் புதியது வாங்கச் சொல்லும் உறைகளின் அறிவுரை யாருக்கு நன்மை தருவது என்பதை வாசகர்களே ஊகிக்கலாம். வெள்ளை நுண்பஞ்சு மட்டும் இதற்கு விலக்கு. அது கசடுக்கே ஆனது, தாராளமாக மாற்றலாம்.

நோய்க்கு இடும் மருந்துகளிலும் கவனம் வேண்டும். மெதிலீன் நீலமும் சில நுண்ணுயிர்க்கொல்லிகளும் குடியிருப்போரையும் தாக்குவன. நோயுற்ற மீனை வேறொரு வாளியிலோ சிறு தொட்டியிலோ விட்டு மருத்துவம் செய்வது இருவருக்கும் நலம்.

எஞ்சியிருப்பது மின்தடை. நீரோட்டம் நின்றதும் வடிகட்டிக்குள் இருக்கும் உயிர்வளி தீரத் தொடங்குகிறது. தொட்டிக்குள்ளேயே இருக்கும் பஞ்சு வடிகட்டிக்கு இதனால் உடனடிக் கேடில்லை. சுற்றியுள்ள நீர் சிறிதளவேனும் உதவும். மூடிய உருளை வடிகட்டியில்தான் ஆபத்து மிகுதி. சில மணி நேரத்தில் உள்ளிருப்போர் மூச்சின்றி மடிந்து அழுகத் தொடங்குவர். மின்சாரம் வந்ததும் அது தானே இயங்கி, அந்த அழுகிய நீர் முழுவதையும் தொட்டிக்குள் தள்ளிவிடும். ஆகவே தடை நீண்டால் உருளையின் மூடியைத் திறந்து, வளையங்களையும் பஞ்சையும் தொட்டி நீர் நிறைந்த அகன்ற பாத்திரத்தில் காற்றுப் படுமாறு பரப்பி வைக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் சிறு காற்றுப் பம்பு ஒன்று வீட்டில் இருந்தால் அதன் குழாயை அந்தப் பாத்திரத்திலும் தொட்டியிலும் மாறி மாறி விடலாம். மின்சாரம் திரும்பியதும், உருளைக்குள் எஞ்சி நின்ற நீரை வாசலில் கொட்டிவிட்டு, மூக்கில் பிடித்துப் பார்த்து வாடையில்லை என்று தெரிந்த பின்னரே இயக்குக.